பூஞ்சை கொன்றதைப் புற்றுநோயின் கணக்கில் எழுதாதீர்கள்

மருத்துவமனையில் ஒருவர் இறந்தால் படிவம் 4 என்றொரு தாளை மருத்துவர் நிரப்பித் தர வேண்டும். உயிர் பிரிந்ததற்கு உடனடிக் காரணம் எது, அதை வரவழைத்தது எது, இரண்டுக்கும் அடியில் கிடந்த மூல காரணமான நோய் எது என்று மேலிருந்து கீழாக எழுதத் தனித்தனி வரிகள் அதில் உண்டு. ரத்தப் புற்றுநோய் வார்டில் இறந்தவரின் தாளில் கடைசி வரி தவறாமல் நிரம்பியிருக்கும்: லுகேமியா. முதல் வரியில் செப்சிஸ் என்றோ நிமோனியா என்றோ இருக்கும். எந்தக் கிருமியால் வந்த நிமோனியா என்று கேட்டால் பல வேளைகளில் பதில் கிடையாது. கேட்பாரும் கிடையாது. 'கேன்சர்தானே, இன்னும் எத்தனை நாள் கஷ்டப்படுவது' என்று உறவினர்கள் தங்களைத் தாங்களே தேற்றிக்கொண்டு உடலை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போகிறார்கள்.

அந்த நிமோனியாக்களில் ஒரு பங்கு பூஞ்சையின் வேலை. காற்றில் மிதந்து வந்து நுரையீரலில் முளைத்து, ரத்தக்குழாயைத் துளைத்துக்கொண்டு வளரும் பூஞ்சை. அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. உரிய நாளில் கண்டுபிடித்தால் பலரைக் காப்பாற்ற மருந்தும் இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டதை யாரும் தவறாகவே எண்ணவில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு. இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களில் முதலில் நிற்பது தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத் துறை. அடுத்தது ஒன்றிய சுகாதார அமைச்சகம். லுகேமியாவுக்குச் சிகிச்சை தருகிறோம் என்று பலகை மாட்டியிருக்கும் தனியார் மருத்துவமனைகளும் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

அரசுக்கு இந்தப் பூஞ்சை புதிதல்ல. 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின் நடுவில், 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயர் தேநீர்க்கடை வரை வந்தது. (அந்தப் பெயரே பிழை. மியூகார் பூஞ்சைக்குக் கருப்பு நிறம் கிடையாது. அது ரத்த ஓட்டத்தை அடைத்ததால் செத்துப்போன சதைதான் கருப்பு.) மே 20 அன்று தமிழ்நாடு அதை அறிவிக்கத்தக்க நோயாக்கியது. நாடு முழுவதும் ஆம்போடெரிசின் மருந்துக்காக மக்கள் அலைந்தார்கள். உற்பத்தியைப் பெருக்கினார்கள், இறக்குமதி செய்தார்கள், மாநிலங்களுக்குக் குப்பிகளைப் பங்கிட்டார்கள். ஜூன் 12இல் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் அந்த மருந்தின் வரியைப் பூஜ்யமாக்கியது. நவம்பர் இறுதியில் இந்தியா முழுவதும் 51,775 பேர் என்று எண்ணியே சொன்னார்கள். ஆக, எண்ணத் தெரியாத அரசு என்றோ, மருந்து வாங்கத் தெரியாத அரசு என்றோ எவரும் சொல்லிவிட முடியாது.

வரிவிலக்கு 2021 டிசம்பர் 31 வரைதான் நீடித்தது. அத்தோடு பூஞ்சையும் ஊரைவிட்டுப் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்கள் போலும். லுகேமியா வார்டில் அது கோவிட்டுக்கு முன்பும் இருந்தது, இன்றும் இருக்கிறது. அதைவிட அங்கே அதிகம் உயிர் குடிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் அன்றைய ஆணையிலேயே இடம்பெறவில்லை. உலக சுகாதார அமைப்பு 2022 அக்டோபரில் ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியல் ஒன்றை முதன்முறையாக வெளியிட்டது. மொத்தம் 19, மிக உயர்ந்த ஆபத்துப் பிரிவில் நான்கு. அந்த நான்கில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் ஒன்று. பட்டியல் வந்தபின் நம் புற்றுநோய் வார்டுகளில் என்ன மாறியது என்று துறை சொல்லட்டும்.

கடும் மைலாய்டு லுகேமியாவுக்குக் கீமோ ஏற்றிய இரண்டாம் வாரத்தில் 'கவுன்ட்' அடிமட்டத்துக்கு இறங்கும். நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்கும் கீழே போய், இரண்டு வாரம், சிலருக்கு மூன்று வாரம் அப்படியே கிடக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் விதைத்துகள் நம் எல்லாருடைய மூச்சிலும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் உள்ளே போகிறது. நமக்கு ஒன்றும் ஆவதில்லை, ஏனென்றால் உள்ளே காவல் இருக்கிறது. இவருக்கு அந்த இரண்டு வாரமும் காவல் இல்லை. எட்டாம் நாளோ பத்தாம் நாளோ காய்ச்சல் வருகிறது. பாக்டீரியாவுக்கான பிபெராசிலின் போடுகிறார்கள், தணியவில்லை. மெரோபெனம், தணியவில்லை. அடுத்து கோலிஸ்டின். பூஞ்சைக்கும் ஏதோ கொடுத்தோம் என்று பேருக்கு ஃப்ளூகோனசோல். ஆஸ்பர்ஜில்லஸின் ஒரு இழையைக்கூட ஃப்ளூகோனசோல் அசைக்காது என்பது முதுநிலை மாணவர்களுக்கே பாடம். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத் 'தெளிவாக இருக்கிறது' என்று கோப்பில் எழுதுகிறார்கள். ஆரம்ப நாட்களில் எக்ஸ்ரே தெளிவாகத்தான் இருக்கும். அதனால்தான் சி.டி. எடுக்கச் சொல்கிறார்கள்.

அந்த சி.டி.க்கு ஒரு கெடு உண்டு. ஆஸ்பர்ஜில்லஸ் பிடித்த இடத்தில் ஒரு முடிச்சும், அதைச் சுற்றி மூடுபனி போல் ரத்தம் கசிந்த வளையமும் தெரியும். பிரான்ஸில் செய்து 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் முதல் நாள் படத்தில் ஏறத்தாழ எல்லா நோயாளிகளிடமும் இருந்த அந்த வளையம், ஏழாம் நாள் நாலில் ஒருவரிடம்கூட மிஞ்சவில்லை. திங்கட்கிழமை கேட்ட சி.டி.க்கு அடுத்த திங்கட்கிழமை தேதி கொடுக்கும் மருத்துவமனை, படம் எடுப்பதைத் தள்ளிப்போடுவதோடு நிற்கவில்லை, சாட்சியையே கலைக்கிறது. எலும்பு முறிவுக்கும் விபத்துக்கும் நள்ளிரவில் ஓடும் அதே எந்திரம், ஐந்து நாளாகக் காய்ச்சல் தணியாத லுகேமியா நோயாளிக்கு மறுநாளாவது ஓடக் கூடாதா?

அடுத்தது ரத்தச் சோதனை. பூஞ்சையின் உறையிலிருந்து உதிரும் கேலக்டோமன்னன் என்ற பொருளை அளந்து பார்ப்பது. பெரும்பாலான மாவட்டங்களில் இதைச் செய்ய ஆய்வகம் கிடையாது. மாதிரி கூரியரில் பெருநகரத்துக்குப் போகிறது. அங்கும் உடனே செய்துவிடுவதில்லை. 96 குழிகள் கொண்ட தட்டில் செய்யும் சோதனை என்பதால், நாலைந்து மாதிரிக்காக ஒரு கிட்டைப் பிரித்தால் கட்டுப்படியாகாது என்று மற்ற மாதிரிகள் சேரும்வரை காத்திருக்கிறார்கள். முடிவு வரும்போது ஒன்று நோயாளி வீட்டில் இருக்கிறார், அல்லது வென்டிலேட்டரில் இருக்கிறார். மூன்று நாளில் வந்தால்தான் அது சோதனை. பத்தாம் நாள் வந்தால் கோப்பில் கோக்க ஒரு தாள், அவ்வளவே. ஒற்றை மாதிரியை வைத்து ஒரு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் பட்டைச் சோதனைகள் சந்தைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. கர்ப்பப் பரிசோதனை அட்டையைப் போன்ற அந்தப் பட்டையை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கு வாங்கித் தரத் தடையாக நிற்பது எது?

பணம் என்று சொல்லிவிடாதீர்கள். காசே செலவில்லாத இடத்திலும் இதே அலட்சியம்தான். மூக்கிலிருந்தோ அண்ணத்திலிருந்தோ சதைத்துணுக்கு எடுக்கிறார்கள். எடுத்த முழுவதையும் ஃபார்மலின் புட்டியில் போட்டு நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலினில் விழுந்த பூஞ்சை செத்துப்போகும். பிறகு எந்த ஊடகத்திலும் வளராது. எந்த இனம், எந்த மருந்துக்கு அடங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதித் துணுக்கைச் சலைன் புட்டியில் போட்டு நுண்ணுயிரியல் துறைக்குக் கொடுத்திருந்தால், ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, ஒரு மணி நேரத்தில் இழையைக் கண்ணால் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். மெல்லிய இழையாய், குறுக்குச் சுவரோடு, கூர்ங்கோணத்தில் கிளை பிரிந்தால் ஆஸ்பர்ஜில்லஸாக இருக்க வாய்ப்பு. அகன்று, நாடா போல் மடங்கி, சுவரே அரிதாக இருந்தால் மியூகார் வகை. அங்கேயும் ஒரு கவனம் வேண்டும். மியூகார் சந்தேகம் என்றால் துணுக்கை நறுக்கி வைக்க வேண்டும். உரலில் இட்டதுபோல் அரைத்தால் இழை நசுங்கி, வளர்ப்பில் ஒன்றும் முளைக்காது. ஒரு புட்டிச் சலைனும் ஒரு கத்தரிக்கோலும் வாங்க எந்த நிதிநிலை அறிக்கைக்குக் காத்திருக்கிறோம்?

இரண்டையும் பிரித்தறிவது ஏட்டு வித்தைக்காக அல்ல. ஆஸ்பர்ஜில்லஸுக்கு முதல் மருந்தான வொரிகோனசோல் மியூகாரிடம் பலிக்காது. கேலக்டோமன்னன் சோதனையிலும் மியூகார் அகப்படாது. 'சோதனை நெகட்டிவ், பூஞ்சை இல்லை' என்று அறிவித்துவிட்ட வார்டுகளில் நோயாளியின் கன்னம் வீங்கி, பார்வை இரண்டாகத் தெரிந்து, அண்ணத்தில் கருந்திட்டு விழுந்த பிறகே விழித்துக்கொள்கிறார்கள். ஹூஸ்டன் நகரின் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், தன்னிடம் 1989 முதல் 2006 வரை வந்த இத்தகைய 70 ரத்தப் புற்றுநோயாளிகளின் கணக்கை 2008இல் வெளியிட்டது. ஆம்போடெரிசினை உடனே தொடங்கியவர்களில் 12 வாரத்துக்குள் இறந்தவர்கள் 48.6 விழுக்காடு. ஆறு நாளோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில் 82.9 விழுக்காடு. அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் கிடக்கும் உயிர்களைப் பூஞ்சை மட்டும் பறித்துவிடவில்லை.

மருந்தின் பக்கம் வருவோம். ஆஸ்பர்ஜில்லஸுக்குப் பழைய ஆம்போடெரிசினைவிட வொரிகோனசோல் மேலானது என்று 2002இலேயே நிரூபித்துவிட்டார்கள். 12 வாரத்தில் பிழைத்திருந்தவர்கள் முறையே 58, 71 விழுக்காடு. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வொரிகோனசோல் 2017இல் சேர்ந்தது. ஆனாலும் மாத்திரையைக் கொடுப்பதோடு கடமை முடிவதில்லை. ஒரே மாத்திரையை ஒருவர் கல்லீரல் ஒரே மூச்சில் கரைத்துவிடும், இன்னொருவர் கல்லீரல் தேக்கி வைக்கும். ரத்தத்தில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பூஞ்சை சாகாது, 5.5க்கு மேலே போனால் நோயாளி இல்லாத உருவங்களைப் பார்த்துப் பிதற்றுவார். அளந்து பார்த்தால்தான் தெரியும். அளக்கும் வசதி எத்தனை அரசு மருத்துவமனைகளில் உண்டு? லிம்ஃபாய்டு லுகேமியா வந்த குழந்தைகளுக்கு வொரிகோனசோல் போன்ற அசோல் வகை மருந்துகளை வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் நரம்பு தளர்ந்து, குடல் இயக்கம் நின்றுபோகும். மருந்துச் சீட்டில் இரண்டையும் அருகருகே எழுதும் கையைத் தடுக்க ஒரு மருந்தாளுநராவது அந்த வார்டில் இருக்கிறாரா?

மியூகாருக்கு வேண்டியது லிப்பிடில் பொதிந்த ஆம்போடெரிசின். உடல் எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம். 50 மில்லிகிராம் குப்பியில் ஆறு. இரண்டு வாரத்துக்கு 84 குப்பி. குப்பிக்கு 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே 3 லட்சத்து 36 ஆயிரம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்கும் 5 லட்சம். கீமோவும் அதிலிருந்தே, ரத்தமும் தட்டணுவும் அதிலிருந்தே, படுக்கையும் அதிலிருந்தே. தாலியை அடகு வைத்து வாங்கும் குப்பிகள் தீர்ந்ததும் பழைய டீஆக்சிகோலேட் ஆம்போடெரிசினுக்கு மாற்றுகிறார்கள். அது மலிவு. ஏற்றிய சிறிது நேரத்தில் கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். சில நாளில் கிரியேட்டினின் ஏறும், பொட்டாசியம் சரியும். சிறுநீரகம் தேறும்வரை அடுத்த கீமோ தள்ளிப்போகும். தள்ளிப்போன இடைவெளியில் லுகேமியா திரும்பி வரும். அப்போது படிவம் 4இல் எழுதுவது என்ன என்று மேலே சொல்லிவிட்டோம்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்கில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து மருந்து வழங்கும் முறையைப் பிற மாநிலங்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போயின. அப்படிப்பட்ட கழகத்தை வைத்துக்கொண்டு, லுகேமியா நோயாளியின் மனைவியை மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைய விடுவது வெட்கக்கேடு.

தடுப்பைப் பற்றிப் பேசினால் கோபம் இன்னும் கூடுகிறது. கவுன்ட் இறங்கும் நாட்களில் பொசகோனசோல் கொடுத்தால் நோயே வராமல் பெருமளவு தடுக்கலாம் என்று 2007இல் வெளியான ஆய்வு காட்டியது: பழைய அசோல்களைப் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்குத் தொற்று, பொசகோனசோல் பெற்றவர்களில் 2 விழுக்காடு. சரி, மருந்து விலை அதிகம். காற்று? ஆஸ்பர்ஜில்லஸ் விதைத்துகளின் குறுக்களவு இரண்டு மூன்று மைக்ரான். அதைவிடச் சிறிய, 0.3 மைக்ரான் துகளிலேயே 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இருக்கிறது. மணிக்குப் பன்னிரண்டு முறை காற்று மாறும், வெளிக்காற்று உள்ளே வராத அறை வேண்டும். அது எல்லா ஊரிலும் நாளையே முடியாது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் புற்றுநோய் வார்டின் சன்னலுக்கு நேர் எதிரே பழைய கட்டடத்தை இடித்து, தூசி பறக்க லாரியில் அள்ளுவதை நிறுத்தவும் ஹெப்பா வேண்டுமா? இடிபாட்டுத் தூசிக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பரவலுக்கும் உள்ள தொடர்பு உலகம் முழுவதும் பல பத்தாண்டுகளாகப் பதிவான செய்தி. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: தார்ப்பாய்த் தடுப்பு, தண்ணீர் தெளிப்பு, வேலை தொடங்கும் முன் ரத்தவியல் துறைக்குத் தகவல். மழைக்காலத்தில் ஊறிப்போகும் கூரைப் பலகையையும் கழுவாத ஏசி வலையையும் பார்க்கப் பொதுப்பணித் துறைக்கு ஒரு கடிதம் போதும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பெரிய மருத்துவமனை வளாகம் ஒன்றில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைத் தொற்றுக்கு ஆளான இருவர், 2018 இறுதிக்கும் 2019 தொடக்கத்துக்கும் இடையில் இறந்தார்கள். ஒருவர் பத்து வயதுச் சிறுவன். அந்த மரணங்களும், அதே வளாகத்தில் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வந்த பிற தொற்றுகளும் பேசுபொருளாகி, காற்றோட்டக் குழாய் முதல் தண்ணீர்க் குழாய் வரை கட்டடத்தையே விசாரிக்க ஒரு நீதிபதி தலைமையில் பொது விசாரணை அமைந்தது. இங்கே விசாரணை கேட்கும் அளவுக்கு நமக்குப் பேராசை கிடையாது. முதலில் எண்ணுங்கள் என்கிறோம்.

வேளாண் துறைக்கும் ஒரு வார்த்தை. நெல்லின் இலையுறை கருகலுக்குத் தெளிக்கும் ஹெக்சகோனசோலும் புரோபிகோனசோலும் நோயாளிக்குக் கொடுக்கும் வொரிகோனசோலுக்குப் பங்காளிகள். வயல் மண்ணில் இவற்றோடு பழகிய ஆஸ்பர்ஜில்லஸ் மருந்துக்கு அடங்காத வகையாக மாறுகிறது. அத்தகைய வகையை இந்திய ஆய்வாளர்கள் 2012ஆம் ஆண்டு வாக்கிலேயே கண்டு எழுதிவிட்டார்கள். இரண்டு துறைச் செயலர்களும் இதைப் பற்றி என்றாவது ஒரு மேசையில் உட்கார்ந்து பேசியதுண்டா?

கேட்பது இவ்வளவே. புற்றுநோயாளிகளுக்கு வரும் ஊடுருவும் பூஞ்சைத் தொற்று அத்தனையையும் அறிவிக்கத்தக்கதாக்கி ஆணையிடுங்கள். 2021இல் செய்தவர்களுக்கு அந்த ஆணையின் வாசகம் மனப்பாடமாகவே இருக்கும். லுகேமியாவுக்குக் கீமோ தரும் எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, 24 மணி நேரத்தில் நெஞ்சு சி.டி.யும் 48 மணி நேரத்தில் கேலக்டோமன்னன் முடிவும் தர முடியாவிட்டால் அதை நோயாளியிடம் கீமோ தொடங்கும் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். லிப்பிட் ஆம்போடெரிசினைக் காப்பீட்டின் 5 லட்சத்துக்கு வெளியே எடுத்து, கழகத்தின் கிடங்கிலிருந்து நேரடியாக வழங்க வேண்டும். ஒன்றிய அரசு அன்று தந்த வரிவிலக்கை இந்த நோயாளிகளுக்காகத் தேதி வரம்பின்றி மீட்டுத் தர வேண்டும். படிவம் 4இன் முதல் வரியில் வெறும் 'நிமோனியா' என்று எழுதினால், கிருமியைத் தேடினோமா, எப்போது தேடினோம் என்பதையும் கோப்பில் பதிந்தாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சுவர்கள் ஊறுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குத் துறைச் செயலர் பதில் தரட்டும். கேலக்டோமன்னன் சோதனையை இன்று செய்யக்கூடிய அரசு மருத்துவமனைகள் எவை? கிடங்குகளில் இந்த வாரம் லிப்பிட் ஆம்போடெரிசின் எத்தனை குப்பி? கடந்த ஓராண்டில் நம் ரத்தப் புற்றுநோய் வார்டுகளில் பூஞ்சையால் இறந்தவர்கள் எத்தனை பேர்? மூன்றாவதற்கு 'தெரியாது' என்பதே பதிலானாலும் அதைக் கையொப்பத்தோடு அனுப்பட்டும். ஒரு சொல் குறைக்காமல் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.